கும்ப்ளேயின் கட்டும் மையித்தின் கட்டும்

"சொக்கையில ஒண்டு வெச்சா உள்ளுக்க பெய்த்திடும்."

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்த வைத்தியம் தெரியாத வீடு இல்லை. கொட்டாவி விட்டவனின் அலகு கழன்று வாய் மூட முடியாமல் நிற்கிறதா? ஓங்கி ஓர் அறை. காசு வேண்டாம், மருந்து வேண்டாம், துண்டு எடுத்து வரிசையில் நிற்க வேண்டாம். வீட்டில் கை கனத்த ஒருவர் இருந்தால் போதும்.

இது பொய் வைத்தியம். அதை வாங்கிக் கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நோன்பு மாதம். ஸஹருக்கு எழும்பிய அரைத் தூக்கத்தில் விட்ட கொட்டாவி திரும்பி வரவில்லை. வாய் திறந்தது திறந்தபடி. பேச்சு வராது, எச்சில் விழுங்க முடியாது, அது சாரனில் வழிகிறது. நாடி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. எங்கள் பக்க வழக்கப்படி நான் குடியிருந்தது மனைவியின் வீட்டில். ஆகவே வைத்தியம் மாமாவின் கையில். அவர் பிஸ்மி சொல்லி, சட்டைக் கையைச் சுருட்டி, இடது பக்கத்தில் ஒன்று வைத்தார். மருமகனை அறைய மாமன்மாருக்கு ஆயுளில் கிடைக்கும் ஒரே ஹலாலான சந்தர்ப்பம் அதுதான் என்று மச்சான்மார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அலகு அசையவில்லை. காதுக்குள் மட்டும் விசில் ஊதத் தொடங்கியது.

விடிந்து வைத்தியசாலைக்குப் போனேன். இளம் டொக்டர். இரண்டு பெருவிரல்களையும் துணியால் சுற்றினார், கீழ்க் கொடுப்புப் பற்கள் மேல் வைத்தார், கீழே அமர்த்தி மெல்லப் பின்னால் தள்ளினார். "டொக்" என்றது. வாய் மூடியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் காதைப் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை. அலகுக்கு ஒரு நிமிடம், அறைக்கு இரண்டு மாதம்.

அறை ஏன் வேலை செய்யாது என்பதை அறிய டொக்டர் படிப்பு வேண்டியதில்லை. காதுக்கு நேர் முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். தோலுக்குக் கீழே ஓர் உருண்டை முன்னும் பின்னும் ஓடும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. அது மண்டையோட்டின் ஒரு குழிக்குள் இருக்கிறது. குழிக்கு முன்னால் சின்ன மேடு ஒன்று உண்டு. வாயைப் பெரிதாகத் திறக்கும்போது உருண்டை மேட்டின் நுனிவரை வரும், மூடும்போது திரும்பிப் போகும். கொட்டாவியிலோ, வாந்தியிலோ, பல் பிடுங்க நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததிலோ அது மேட்டைத் தாண்டி முன்பக்கம் விழுந்துவிட்டால், உணவு அரைக்கும் தசைகள் பயந்து இறுகி அதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இனி அது தானாகத் திரும்பாது.

மேசை லாச்சியை அளவுக்கு மீறி இழுத்தவர்களுக்கு இது விளங்கும். தடையைத் தாண்டி வெளியே வந்த லாச்சி பக்கத்தில் தட்டினாலும் போகாது, முகப்பில் குத்தினாலும் போகாது. கொஞ்சம் கீழே அமர்த்தி, பிறகு பின்னால் தள்ள வேண்டும். தாடையின் பாதையும் அதுவே: முதலில் கீழே, பிறகு பின்னே. அறை எந்தப் பக்கம் போகிறது? குறுக்கே. கீழேயும் இல்லை, பின்னேயும் இல்லை. அது போதாதென்று, வலி ஏறியதும் தசை இன்னும் இறுகும். பூட்டிய கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்ட மாதிரி.

"எங்கட மூத்தாப்பாவுக்கு அறைஞ்சுதான் சரிவந்த" என்பார்கள். வந்திருக்கலாம், மறுக்கவில்லை. சிலருக்குத் தாடை மூட்டின் நார்கள் தளர்ந்திருக்கும். உருண்டை மேட்டின் விளிம்பில் நின்று ஆடும். ஒரு தும்மலிலும் உள்ளே போகும், ஒரு திடுக்கிடலிலும் போகும். அந்த நேரத்தில் யாரோ அறைந்திருந்தால் பெயர் அறைக்குப் போய்விடும். சரிவந்த கதை கலியாண வீட்டுச் சபையில் முப்பது வருடம் ஓடும். காது போன கதையை யார் சபையில் சொல்கிறார்கள்?

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஒரு நியாயமாவது இருந்தது. யுத்த காலத்தில் இரவு ஏழு மணிக்குப் பிறகு ரோட்டில் இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. வீட்டில் இருப்பவர்தான் டொக்டர், அடுத்த வளவில் இருப்பவர்தான் பெரிய டொக்டர். இன்றைக்கு அந்தச் சாக்கும் இல்லை. கல்முனையில் மட்டும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு. தெற்கே நிந்தவூர், அக்கரைப்பற்று, உள்ளே சம்மாந்துறை. ஓட்டோக்காரன் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நேரமும் இதில் முக்கியம். விலகிய தாடையை முதல் மணித்தியாலங்களில் உள்ளே தள்ளுவது எளிது. மணிக்கணக்கில் அறை, எண்ணெய், ஓதிய தண்ணீர் என்று அலைந்து வந்தால் தசை இறுகி, ஊசி போட்டு மயக்கித்தான் தள்ள வேண்டி வரும். வாரக்கணக்கில் விட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சைகூடத் தேவைப்பட்டிருக்கிறது.

கொட்டாவி விட்டவன் அறையை வாங்கிக்கொண்டு பிழைத்துக்கொள்வான். என் கோபம் அவனுக்காக இல்லை. எங்கள் ஊரில் "அலகு கழண்டுட்டு" என்ற ஒரே பேச்சு விலகிய தாடைக்கும் ஓடுகிறது, முறிந்த தாடைக்கும் ஓடுகிறது. பெயர் ஒன்றானால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. பிரதான வீதியில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்த பையனின் வாய் கோணி நிற்கிறதைப் பார்த்த கூட்டத்தில் ஒருவர் அதைப் பிடித்து "நேராக்க" முன்வருவார். அந்தக் கைதான் ஆபத்தானது.

இரண்டும் வேறு. விலகினால் வாய் திறந்தபடி நிற்கும், மூடாது. ஒரு பக்கம் மட்டும் விலகினால் நாடி மற்றப் பக்கம் திரும்பி நிற்கும். முறிவு பெரும்பாலும் அடிபட்டு வருவது. பற்கள் முன்போல் பொருந்தாது; "பல்லு சரியா மாட்டுதில்ல" என்று அவனே சொல்வான். பல் வரிசையில் ஒரு படி தெரியும், முரசில் இரத்தம் கசியும், நாக்குக்குக் கீழே கறுத்திருக்கும், கீழ் உதடு மரத்துப்போகும், ஏனென்றால் உதட்டுக்குப் போகும் நரம்பு அந்த எலும்புக்குள்ளால்தான் ஓடுகிறது. கீழ்த்தாடை வளைந்த எலும்பு வேறு. கண்ணாடி வளையலை உடைத்துப் பாருங்கள், ஓரிடத்தில் மட்டும் உடையாது. நாடியில் பட்ட அடிக்கு நாடியும் உடையும், காதுக்கு முன்னால் இருக்கும் கழுத்தும் உடையும். முறிவும் விலகலும் ஒருவனுக்கே சேர்ந்தும் வரும். அதனால்தான் அடிபட்ட தாடையை, முன்னூறு தாடைகளை உள்ளே தள்ளிய டொக்டரும் எக்ஸ்ரே பார்க்காமல் தொடுவதில்லை. நம்மவர் தொடுகிறார்.

"பேசுறான், நடக்கிறான், முறிஞ்சிருந்தா இப்பிடி இருப்பானா?" இது அடுத்த மூடநம்பிக்கை. இதற்குப் பதில் சொல்ல ஒருவரைக் கூப்பிடுகிறேன்; எங்கள் ஊர்ச் சலூன்களின் சுவரில் படமாக இருந்தவர். 1973 மார்ச் 31, சான் டியாகோ. கென் நோர்ட்டனின் குத்தில் முகம்மது அலியின் தாடை முறிந்தது. எந்தச் சுற்றில் முறிந்தது என்பதில் இன்னும் வழக்கு இருக்கிறது. அவர் கடைசிச் சுற்றுவரை நின்று குத்தினார் என்பதில் வழக்கில்லை. பன்னிரண்டு சுற்று முடிந்து புள்ளியில் தோற்று, பிறகுதான் சத்திரசிகிச்சைக்குப் போனார். முறிந்த தாடையோடு நோர்ட்டனை எதிர்த்து நிற்கலாம் என்றால், சாய்ந்தமருதுச் சந்தியில் எழும்பி நின்று "ஒண்டுமில்ல காக்கா" என்று சொல்வது பெரிய காரியமா?

அலியைப் போல இன்னொருவரும் எங்களைக் கெடுத்தார், தன் பிழை எதுவும் இல்லாமல். 2002 மே மாதம், அன்டிகுவா. மேர்வின் டிலனின் பந்து அனில் கும்ப்ளேயின் தாடையை முறித்தது. அவர் தலை உச்சியிலிருந்து நாடிக்குக் கீழாகச் சுற்றிய கட்டோடு மைதானத்துக்கு வந்து, தொடர்ச்சியாக 14 ஓவர் வீசி, பிரையன் லாராவை எல்பிடபிள்யூ முறையில் வெளியேற்றினார். பிறகு நாடு திரும்பிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அந்தப் படம் மறக்காது. கிரிக்கெட் பார்த்த ஒரு தலைமுறை முழுவதற்கும் தாடை முறிவின் சிகிச்சை அதில் எழுதியிருக்கிறது: இறுக்கிக் கட்டு, வேலையைப் பார்.

படத்தில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். கும்ப்ளேயைப் பார்த்துக் கட்டுப் போட்டவர்கள் படித்தவர்கள். அவர் நிமிர்ந்து நின்றார், முழு நினைவோடு இருந்தார். வாந்தி வந்தால் கட்டைத் தன் கையாலேயே பிய்த்து எறிந்திருப்பார். ரோட்டில் கிடக்கும் எங்கள் பையன் அப்படியா? கொத்து சாப்பிட்டு வயிறு நிறைய வந்தவன். தலையும் அடிபட்டிருக்கிறது, ஆகவே வாந்தி வரும். வாய்க்குள் இரத்தம், உடைந்த பல். அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, யாரோ தோளில் கிடந்த துவாயை எடுத்து நாடிக்குக் கீழாகக் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போடுகிறார்கள்.

அந்தக் கட்டை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்? மௌத்து வீட்டில். ரூஹு பிரிந்ததும் கண்ணை மூடி, வாய் திறந்து கிடக்காமல் துணியால் நாடியை உச்சியோடு சேர்த்துக் கட்டுகிறோம். மையித்துக்கு அந்தக் கட்டு மரியாதை. மையித்து மூச்சு விடத் தேவையில்லை, துப்பத் தேவையில்லை, வாந்தி எடுக்கத் தேவையில்லை. உயிரோடிருப்பவனுக்கு இந்த மூன்றும் வேண்டும். மகன் விழுந்த இடத்துக்கு ஓடிவந்த தாய் ஒருத்தி, மகனின் முகத்தில் இந்தக் கட்டைப் பார்த்து மயங்கி விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். கூட்டம் அவளுக்குச் சோடா உடைக்க ஓடியது. கட்டை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் நானும் நின்றேன், எனக்கும் தோன்றவில்லை. அதை எழுதித்தான் தீர வேண்டும்.

நாக்கு எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. அது நாடி எலும்பின் உட்பக்கத்தில் பொருந்தியிருக்கிறது. நாடியின் இரண்டு பக்கமும் முறிந்தால் அந்த நடுத் துண்டு பிடி விட்டுப்போகும், நாக்கும் அதோடு போகும். மல்லாக்கப் படுத்தால் நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கும். மேலே இரத்தம் வேறு. இதற்குமேல் இறுகிய கட்டும் போட்டால் மூக்கு ஒன்றுதான் மிச்சம். விழுந்தவனின் மூக்கு பெரும்பாலும் இரத்தத்தால் அடைபட்டிருக்கும். தாடை முறிவு ஆளைக் கொல்லாது. மூச்சு அடைபட்டால் சில நிமிடங்களில் கொல்லும்.

ஆகவே செய்ய வேண்டியது பார்க்க மிகவும் சாதாரணமாக இருக்கும், அதனால்தான் எங்கள் கூட்டத்துக்குப் பிடிக்காது. நினைவு இருந்தால், கழுத்தில் வலி இல்லையென்றால், உட்கார வைத்து முன்னால் குனியச் சொல்லுங்கள், வுழுவுக்குக் குனிந்து வாய் கொப்பளிப்பவன் மாதிரி. இரத்தமும் எச்சிலும் வெளியே போகட்டும். "துப்பாத, முழுங்கு" என்று சொல்லாதீர்கள். மடித்த துணியை நாடிக்குக் கீழே அவன் கையாலேயே தாங்கிப் பிடிக்கட்டும். தளர்வான, நொடியில் அவிழக்கூடிய கட்டுக்கு இடம் தரும் முதலுதவி நூல்களும் உண்டு, ஆனால் கட்டாதே, கையால் பிடிக்கவிடு என்ற சென் ஜோன்ஸ் அம்பியூலன்ஸ் பாடத்தின் பக்கம்தான் நான். எங்கள் ஊரில் "தளர்வாக" என்ற சொல்லுக்கு யாருக்கும் பொருள் தெரியாது. தோணியைக் கட்டுகிற முடிச்சுத்தான் எல்லாவற்றுக்கும். நினைவு இல்லாதவனைத் தலை, கழுத்து, உடம்பு ஒரே நேராக இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் சரித்துவிடுங்கள், வாய் நிலத்தைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற உடைந்த பல்லை, பொய்ப்பல்லை எடுத்துவிடுங்கள். பிறகு 1990. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் கிழக்குக்கும் வந்த சுவசெரிய அம்பியூலன்ஸ் அது. காசு இல்லை.

சோடா, தண்ணீர், பிளேன்டீ எதுவும் வேண்டாம். தொண்டையில் இறங்குமோ நெஞ்சுக்குள் இறங்குமோ தெரியாது. மயக்க மருந்து தேவைப்பட்டால் குடித்த அந்த ஒரு மிடறுக்காகச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டி வரும். முழுதாகக் கழன்று விழுந்த பல்லைத் தேடி எடுங்கள். பால் பல்லைக் கூரையில் எறிந்த பழக்கத்தில் பெரியவனின் பல்லையும் எறிகிறார்கள். வேரைத் தொடாமல் தலைப் பக்கத்தைப் பிடித்துப் பாலில் போட்டுக் கொண்டுபோனால் அதைத் திரும்ப நட முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எங்கள் வீடுகளில் இருப்பது பால்மாதான், கடையில் ஒரு பைக்கட் பசுப்பால் வாங்குங்கள்.

இன்னும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள், சத்தமில்லாமல் பாதிக்கப்படுபவர்கள். மதரஸாப் படியில் தடுக்கி விழுந்து நாடி வெடித்த பிள்ளைகள். நாடியில் அரை அங்குலக் காயம். கோப்பித்தூளை அப்பிக் கட்டுவார்கள், அல்லது இரண்டு தையல் போட்டு அனுப்புவார்கள். "நாடி வெடிக்காத புள்ள இரிக்கா?" என்று பெத்தா சிரிப்பாள். நாடியில் பட்ட அடி நாடியோடு நிற்பதில்லை. எலும்பின் வழியே ஓடிக் காதுக்கு முன்னால் இருக்கும் அந்த உருண்டையின் கழுத்தை முறிக்கும். வெளியே வீக்கம்கூடத் தெரியாது. பிள்ளை சாப்பிட அடம்பிடிக்கும், வாயைக் கொஞ்சமாகத்தான் திறக்கும், திறக்கும்போது நாடி ஒரு பக்கம் ஓடும். அதைப் "பிடிவாதம்" என்று நினைத்து விட்டுவிட்டால், சில பிள்ளைகளுக்கு உருண்டையும் குழியும் எலும்பாலேயே ஒட்டிப்போகும். ஏழெட்டு வயதில் ஒரு கரண்டி உள்ளே போகாத வாய். வளராத நாடி. தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும். எங்கள் துணைக்கண்டத்தில் தாடை மூட்டு இப்படி ஒட்டிப்போவதற்குச் சிறுவயது அடிதான் முதற்காரணம்.

இங்கேயும் கட்டு எதிரிதான். பெரியவனுக்கு அது மூச்சை அடைக்கும். பிள்ளைக்கு மூட்டை ஒட்டவைக்கும். உருண்டைக் கழுத்து முறிந்த பிள்ளையின் வாயை நாட்கணக்கில் கட்டிவைப்பதைவிட, டொக்டர் சொல்கிற நாளிலிருந்து திறந்து மூடிப் பழக்குவதைத்தான் வைத்தியம் விரும்புகிறது. நாடி வெடித்த பிள்ளையைத் தையலுக்குக் கொண்டுபோனால், காதுக்கு முன்னாலும் அமர்த்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "டொக்டருக்கே படிப்பிக்கிறியா" என்று ஒரு பார்வை வரும். வரட்டும்.

வாந்திக்குக் கொடுத்த மருந்தால் வரும் கூத்து வேறு. மெட்டோக்லோபிரமைட் போன்ற சில குளிசைகள் அபூர்வமாகச் சிலருக்கு, அதிலும் பிள்ளைகளுக்கும் இளம் பெண்களுக்கும், தாடையைக் கோணலாக்கும், கழுத்தை முறுக்கும், கண்ணை மேலே செருக வைக்கும். பார்த்தவர்கள் ஜின் என்பார்கள். ஓதிப் பார்க்க ஆள் வரும். வைத்தியசாலையில் ஓர் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. ஓதிக்கொண்டே ஓட்டோவில் ஏறலாம். விழுங்கிய குளிசையின் உறையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

பரிசாரியார்மாரைத் திட்டத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். முறிவு வைத்தியம் எங்கள் கரையின் பழைய சொத்து. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் பாரம்பரிய வைத்தியர்களைப் பதிவு செய்ய வழி திறந்தது. அதில் முறிவு பார்ப்பவர்களும் உண்டு. கைகண்ட பரிசாரியார் ஒருவரும் தாடைக்கு அறை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களும் கொடுப்புப் பல்லில் பெருவிரலைத்தான் வைப்பார்கள். தலையில் அடிபட்டவனைக் கண்டால் "பெரியாஸ்பத்திரிக்கு ஏத்து" என்பார்கள். அறைகிறவர் பரிசாரியாரும் இல்லை, டொக்டரும் இல்லை. சும்மா பக்கத்தில் நின்ற மாமா.

இந்தப் பெருவிரல் வித்தை எவ்வளவு பழையது தெரியுமா? 1862இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் எகிப்தின் லக்சோரில் ஒரு பப்பிரசுச் சுருளை வாங்கினார். அதில் 48 காயங்களுக்கு வைத்தியம் எழுதியிருக்கிறது. இருபத்தைந்தாவது, விலகிய தாடை. பெருவிரல்களை வாய்க்குள் தாடையின் இரு கிளைகளின் முனையில் வைத்து, மற்ற விரல்களை நாடிக்குக் கீழே கொடுத்துப் பின்னால் தள்ளு என்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட கையெழுத்து. அதற்கு முந்தியது, இருபத்துநான்காவது, முறிந்த தாடை. அதற்கு அந்த எகிப்தியர் கையை எடுத்துவிடுகிறார். வைத்தியம் செய்யக்கூடாத நோய் என்று எழுதிவைக்கிறார். விலகலையும் முறிவையும் ஃபிர்அவ்னின் காலத்து வைத்தியர் பிரித்துப் பார்த்தார். நாம் இன்னும் இரண்டையும் ஒரே அறையால் விசாரிக்கிறோம்.

முறிவை ஏற்றெடுத்தவர்களும் இருந்தார்கள். அந்தலூசியாவின் குர்துபாவுக்குப் பக்கத்தில் மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து, 1013ஐ ஒட்டி மௌத்தான அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தன் 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாவது பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கினார். தாடை முறிந்து பற்கள் ஆடினால் பொன், வெள்ளி அல்லது பட்டு நூலால் பற்களை ஒன்றோடொன்று கட்டச் சொன்னார். இன்றைக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் கம்பியால் பற்களை இணைக்கும்போது செய்வது ஏறத்தாழ அதே காரியம். எலும்பைத் தாங்கப் பல்லைக் கட்டினார் அந்த மனிதர். அவரைப் பற்றி மீலாத் விழா மேடைகளில் கை தட்டிப் பேசுகிறோம். மேடையிலிருந்து இறங்கி வந்து துவாயால் தலையைக் கட்டுகிறோம்.

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜும்ஆவுக்குத் தொப்பியோடு போகும் பைக்குக்குக் கவசம் தேவையில்லை என்பது எங்கள் ஊரின் எழுதாத ஃபத்வா. போடுகிறவர்களும் நாடி வெளியே தெரிகிற அரைக் கவசத்தைத்தான் போடுகிறார்கள், மேலே மட்டும் காப்பாற்றும் தொப்பி. ஜெர்மனியின் ஹனோவரில் விபத்துக்குள்ளான கவசங்களை ஆராய்ந்த டீட்மர் ஓட்டே, மோதல்களில் மூன்றிலொரு பங்களவு நாடிப் பகுதியில் விழுவதைக் கண்டார். அதற்குத்தான் முகம் மூடும் கவசம். கொள்ளைக்காரர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்று 2015இல் எங்கள் பொலிஸ் அதையே தடைசெய்யப் பார்த்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்து நிறுத்தியது. திருடனைப் பிடிக்க எல்லோருடைய தாடையையும் பணயம் வைக்கும் யோசனையை யார் சொன்னார்களோ, அவர் கட்டாயம் யாருக்காவது மாமாவாக இருப்பார்.

என் மாமா இப்போது இல்லை. அல்லாஹ் அவருக்கு சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். அறைந்த கையால்தான் அன்றைக்கு ஓட்டோவையும் மறித்தார், வைத்தியசாலை வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார், வழிந்த எச்சிலைத் தன் லேஞ்சியால் துடைத்தார். வெளியே வரும்போது டொக்டர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: சில வாரத்துக்கு மெல்லிய சாப்பாடு, கொட்டாவி வந்தால் முட்டியை மடக்கி நாடிக்குக் கீழே கொடுத்து அமர்த்திப் பிடி, வாய் அளவுக்கு மேல் திறக்க விடாதே. கொட்டாவி ஷைத்தானிடமிருந்து வருவது, இயன்றவரை அடக்கு, வாயைப் பொத்து என்று சின்ன வயதில் ஓதப்பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே இரண்டு கை வேண்டியிருக்கிறது, ஒன்று மேலே, ஒன்று கீழே. குத்பா நீளும் வெள்ளிக்கிழமைகளில் நான் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பிரசங்கத்தில் ஆழ்ந்துபோய்விட்டேன் என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துக்கொள்கிறார்.